பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்ன வைத்தியம்

போன மாதம் ஒரு பெண் ஆய்வாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்றபோது அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பார். என் எண்ணை யாரோ பழைய சிநேகிதர்கள் கொடுத்திருக்கிறார்கள். தகுதிச் சான்றுக்கு வரும் வண்டிகளை இனிமேல் இயந்திரமே சோதிக்கப் போகிறதாம். தேறியதா இல்லையா என்று தாளில் அதுவே அச்சடித்துக் கொடுத்துவிடுமாம்.

"அது வரட்டும் சார். எனக்கு ஒரு சந்தேகம்," என்றார். "ஃபெயில் ஆன வண்டியோட மெக்கானிக் வந்து, எப்படிச் சரி பண்றதுன்னு என்னைக் கேக்கறான். அது உன் வேலை இல்லங்கறாங்க மேல. தெரிஞ்சிக்கினே சொல்லாம இருக்க மனசு வரல. நீங்க எப்படி இருந்தீங்க?"

"ரெண்டு விதமாவும் இருந்தேன்மா," என்றேன். "ரெண்டுலயும் ரத்தம் பாத்தேன்."

எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது தாளில் உள்ள பெயர். ஊரில் எல்லோருக்கும் நாங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர்தான். ஆட்டோமொபைல் டிப்ளமோ, ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருடம் கிரீஸ் கை, பரீட்சை, நேர்காணல், பயிற்சி. அதிலெல்லாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

எனக்கு மேலே இருந்தவர் கோதண்டராமன். மூத்த ஆய்வாளர். ஒல்லியான மனிதர், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வாரத்தில் மூன்று நாள் காலை எட்டு மணிக்கு ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். அவர் முதலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். எதையும் தொடமாட்டார். இரண்டாவது சுற்றில் ஒரு சிறிய சுத்தியலை எடுத்துக்கொள்வார். சக்கர நட்டு, வண்டியைத் தாங்கும் பட்டை வில்லின் போல்ட், ஸ்டியரிங் மூட்டு என்று ஒவ்வொன்றாகத் தட்டுவார். நல்ல இரும்பு மணி போலச் சொல்லும். விரிசல் விட்ட இரும்பு தொப்பென்று சொல்லும். அந்த வித்தியாசம் என் காதுக்குப் பிடிபட ஆறு மாதம் ஆயிற்று.

பிறகு சாக்கை விரித்து, வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுப்பார். கடைசியில்தான் பிரேக். சாலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. டிரைவர் இருபது மைல் வேகத்தில் வரவேண்டும், சார் கையைத் தாழ்த்தியதும் அழுத்தவேண்டும். வண்டி நின்ற தூரத்தை அடி அடியாக நடந்து அளப்பார். குனிந்து, டயர் தேய்ந்த தடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகு குறைகளை ஒரு தரம், ஒரே ஒரு தரம் வாசித்துவிட்டுச் சீட்டைக் கையில் கொடுப்பார். சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும்.

"இன்னா சார் பண்ணணும்?" என்று மெக்கானிக் கேட்பான்.

"சரி பண்ணணும்," என்பார்.

அவ்வளவுதான். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒருநாள் காரணம் கேட்டேன். "வைத்தியம் சொல்றவன் ஒருத்தன், பாஸ் போடறவன் ஒருத்தன். ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாது," என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

இரண்டாவது வருடம் ஒரு நெல் லாரி வந்தது. ஓட்டிவந்தவர் முசரவாக்கத்து முனுசாமி. வண்டியைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் பெயர் ஏகாம்பரம். பிள்ளையார்பாளையத்துக்காரர். வீட்டில் எல்லோரும் தறியில் இருக்க, இவர் மட்டும் ஸ்பேனர் பிடித்தவர். ஒரு கீற்றுக் கொட்டகையில் தானாகத் தொழில் கற்றுக்கொண்டவர். முப்பது வயது இருக்கும். சாரின் சுத்தியல் அந்த லாரியின் டிராப் ஆர்ம் மேல் பட்டதும் தொப்பென்றது. டிராப் ஆர்ம் என்பது ஸ்டியரிங் பெட்டியிலிருந்து தொங்கும் இரும்புக் கை. அது ஒடிந்தால் டிரைவர் கையில் ஸ்டியரிங் சுற்றும், சக்கரம் திரும்பாது. சார் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். மயிர் அளவுக்கு ஒரு விரிசல். சீட்டில் எழுதினார்.

ஏகாம்பரம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு இன்னா சார் பண்றது?"

"சரி பண்ணணும்."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். எனக்கு விடை தெரியும். ஸ்டியரிங்கில் உள்ள எந்தப் பாகத்துக்கும் வெல்டு வைக்கக்கூடாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும். நான் அடுத்த வண்டியின் விளக்கைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அவர் வெல்டு வைத்துவிட்டார். ஐந்தாம் நாள் மறுசோதனைக்கு வரும் வழியில், வளைவில், வெல்டு விட்டுப்போய் லாரி புளியமரத்தில் மோதியது. முனுசாமியின் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஒடிந்த துண்டை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் சார்.

"எழுதிக் கொடுத்தோம். வேற என்ன பண்ணியிருக்கணும்?" என்றார்.

"வெல்டு வைக்காதே, புதுசு மாத்துன்னு சொல்லியிருக்கலாம் சார். நாலு வார்த்தை."

"இன்னைக்கு நாலு வார்த்தை. நாளைக்கு?" என்று சொல்லித் துண்டைச் செய்தித்தாளில் சுற்றினார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து ஏகாம்பரம் அலுவலக வாசலில் எனக்காகக் காத்திருந்தார்.

"ஏர் கொழுவுக்கு வெல்டு வெக்கறோம், மாட்டுவண்டி அச்சுக்கு வெக்கறோம். இதுக்கு வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும்ல? உங்க மூஞ்சியில பாத்தேன். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஆளு கால் இருந்திருக்குமே."

அன்றிலிருந்து மெக்கானிக்குகளுக்கு வழி சொல்ல ஆரம்பித்தேன்.

ஏழு வருடம் சொன்னேன். சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டுவேன். எதைக் கழற்றுவது, எதை மாற்றுவது, எதைத் தொடவே கூடாது என்று தமிழில் எழுதிக் கொடுப்பேன். அதனால் நன்மை இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். திரும்பத் திரும்ப ஒரே குறையோடு வந்த வண்டிகள் குறைந்தன. ஏகாம்பரம் நல்ல மெக்கானிக் ஆனார். அவர் கொட்டகைக்கு ஓட்டுக்கூரை வந்தது. "சின்ன ஐயாகிட்ட போ, வழி சொல்வாரு" என்று மைதானத்தில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

கோதண்டராமன் சாருக்கு எல்லாம் தெரியும். ஒரு மத்தியானம் என்னை உட்காரச் சொன்னார்.

"நீ சொல்றது தப்புன்னு நான் மேல எழுதமாட்டேன். முனுசாமி விஷயத்துக்கப்புறம் எனக்கு அந்த யோக்கியதை இல்ல. ஆனா ஒண்ணு. வழி சொன்னதுக்கப்புறம் அந்த வண்டிய உன்னால புதுசா பாக்க முடியாது."

"ஏன் சார்? அதே கண்ணுதானே?"

"இல்ல," என்று மட்டும் சொன்னார்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஐப்பசியில், மாகறல் வழியாகப் போகும் ஒரு தனியார் பேருந்து சோதனைக்கு வந்தது. பழைய வண்டி, ஆயில் பிரேக். அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில்தான் போகும். எங்கே ஒரு இடத்தில் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போய்விடும். சுண்ணாம்புக் கோட்டில் பிரேக் போட்டபோது வண்டி இடது பக்கம் இழுத்தது. அப்படியென்றால் வலது முன்சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தேன். வலது முன்சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் வழிந்த தடம் இருந்தது. கிரீஸை உள்ளேயே நிறுத்தும் ரப்பர் வளையம்தான் சீல், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பட்டை லைனிங்.

மெக்கானிக் ஏகாம்பரம்தான். பக்கத்தில் நின்றார்.

"சீல் போயிருக்குது ஏகாம்பரம். கிரீஸ் கசிஞ்சு லைனிங் மேல போவுது. அதான் பிடிக்கல. சீல மாத்து, லைனிங் புதுசா அடி. சரியாப்பூடும்."

"சரி சார்," என்றார்.

நான்காம் நாள் வண்டி திரும்பி வந்தது. சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். புது சீல் இருந்தது. புது லைனிங் இருந்தது. ரிவெட்டுகளை எண்ணிக்கூடப் பார்த்தேன். கோட்டில் ஓட்டச் சொன்னேன். வண்டி நேராகத்தான் நின்றது. கொஞ்சம், ஒரு சாண், இடது பக்கம் ஒதுங்கியது. புது லைனிங் பழக நாலு நாள் ஆகும், அதுவரை அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறொருவர் வைத்தியம் சொன்ன வண்டியாக இருந்தால் அந்த ஒரு சாணை விட்டிருக்கமாட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

இருபத்திரண்டாம் நாள், பகல் பதினோரு மணிக்கு, ஏரிக்கரை வளைவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை முழுபலத்தோடு மிதித்திருக்கிறார். பெடல் தரைவரை போயிருக்கிறது. மறுபடி மிதித்திருக்கிறார், ஒன்றுமில்லை. மாடுகளைத் தப்பவிட வளைத்ததில் பேருந்து கரையிலிருந்து உருண்டு ஏரியில் விழுந்தது. மழைக்காலம், தண்ணீர் நிறைய இருந்தது. ஐந்து பேர் செத்தார்கள். கண்டக்டர், மாகறலைச் சேர்ந்த வயதான ஒரு கணவன் மனைவி, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர், அவருடைய ஆறு வயதுப் பெண்.

விபத்து நடந்தால் வண்டியைப் பார்த்து அறிக்கை கொடுப்பதும் எங்கள் வேலைதான். நான் சான்று கொடுத்த வண்டி என்பதால் கோதண்டராமன் சார் பார்த்தார். என்னையும் கூட வரச் சொன்னார். பேருந்தைக் கரைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் புல்மேல் யாரோ ஒரு பட்டு நூல் கட்டைப் பிரித்துக் காயவைத்திருந்தார்கள். அரக்குச் சாயம். அந்த நெசவாளர் கையில் கொண்டுபோனது. அதை யாரிடம் கொடுப்பது என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

சார் சேற்றிலேயே படுத்து அடியில் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "கத்தி கொடு," என்றார். வெளியே வந்தபோது அவர் கையில் வலது முன்சக்கரத்துக்கு எண்ணெய் கொண்டுபோகும் பிரேக் ஹோஸ் இருந்தது. முழ நீளம் இருக்கும் ரப்பர் குழாய். ஒரு பக்கம் வெடித்துக் கிழிந்திருந்தது. அதை நீளவாக்கில் அறுத்துப் பிரித்துக் காட்டினார். உள்ளே ரப்பர் ஊறி, வீங்கி, தொண்டை அடைத்தது போல இருந்தது. பல மாத வீக்கம். எண்ணெய் தாமதமாகப் போய், வலது பக்கம் தாமதமாகப் பிடித்து, வண்டி இடது பக்கம் இழுத்ததற்கு இதுதான் காரணம். சீல் கசிந்ததும் உண்மைதான். ஆனால் வியாதி அது இல்லை.

"மறுசோதனையில எதப் பாத்த?" என்று கேட்டார்.

"நான் சொன்னதச் செஞ்சிருக்கானான்னு பாத்தேன் சார்."

அவர் ஹோஸை என் கையில் கொடுத்துவிட்டுக் கை கழுவ ஏரியில் இறங்கினார்.

போலீஸ், டிரைவரையும் முதலாளியையும் ஏகாம்பரத்தையும் பிடித்தது. பிரேக் வேலை பார்த்து மூன்று வாரத்தில் பிரேக் போயிருக்கிறது என்றால் யாரும் மெக்கானிக்கைத்தானே கேட்பார்கள்? சாரின் அறிக்கையில் ஹோஸ் வெடித்தது, அது பழைய வீக்கம் என்ற இரண்டும் இருந்தன. "வண்டியில இருந்தத நான் எழுதிட்டேன். மீதிய நீதான் எழுதணும்," என்றார்.

நான் எழுதவில்லை. ஒன்பது நாள் எழுதவில்லை. அலுவலகம் போனேன், வந்தேன். வீட்டில் இரண்டு குழந்தைகள், மனைவி மாசமாக இருந்தாள். சொன்னால் வேலை போகும், சிறைக்கும் போகலாம் என்று கணக்குப் போட்டேன். ஏகாம்பரமே சொல்லிவிடுவார், அப்போது மறுக்காமல் இருந்தால் போதும் என்றுகூட நினைத்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பத்தாம் நாள் காலை ஏகாம்பரத்தின் மனைவி கன்னியம்மா வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

"ஸ்டேஷன்ல அவர அடிச்சிக்கினே இருக்கறாங்க சார். யாரு சொல்லி சீல மாத்தினேன்னு கேக்கறாங்க. நானாதான் மாத்தினேங்கறாரு. உங்க பேர சொல்லவே மாட்டேங்கறாரு."

"ஏன்மா?"

"நானும் அதான் கேட்டேன். சின்ன ஐயாவே வந்து சொல்வாரு, நம்ம சொல்லி அவரு மேல பழி வந்ததா இருக்கக் கூடாதுன்னாரு." முந்தானையை இழுத்துச் செருகினார். "எனக்கு அந்த நம்பிக்கை இல்ல சார். அதான் நேர்லயே பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் அழவில்லை. என்னை நன்றாக ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அன்றே நான்கு பக்கம் இரண்டு நகலாக எழுதி, ஒன்றைச் சாரிடமும் ஒன்றைக் காவல் நிலையத்திலும் கொடுத்தேன்.

வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. நான் சாட்சிக் கூண்டில் ஏறியபோது மாஜிஸ்திரேட் கேட்டார்: "பழுதை எப்படிச் சரி செய்வது என்று சொல்வது உங்கள் கடமையில் உண்டா?"

"இல்லைங்க."

"பிறகு ஏன் சொன்னீர்கள்?"

முனுசாமியின் கால் என்ற சொல் வாய்வரை வந்தது. கூண்டுக்கு எதிரே செத்துப்போன நெசவாளரின் மனைவி உட்கார்ந்திருந்தார். "தெரியும்னு நினைச்சேங்க," என்று மட்டும் சொன்னேன்.

டிரைவரையும் ஏகாம்பரத்தையும் விடுவித்தார்கள். முதலாளிக்குத் தண்டனை கிடைத்தது. நான் எட்டு மாதம் தற்காலிக நீக்கத்தில் இருந்தேன். பிறகு வேலை திரும்பக் கிடைத்தது, பதவி உயர்வு பல வருடம் தள்ளிப்போனது. அது எனக்குப் பெரிய தண்டனையாகத் தோன்றவில்லை. ஐந்து உயிருக்கு முன்னால் அது எந்தக் கணக்கிலும் வராது.

திரும்பிச் சேர்ந்த முதல் நாள் ஒரு மெக்கானிக் வழக்கம்போல என்னிடம் வந்து வழி கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து கோதண்டராமன் சார், "சொல்லு," என்றார். "தெரிஞ்சதச் சொல்லு. அந்த வண்டி திரும்பி வரும்போது நீ பக்கத்துல வராத. நான் பாக்கறேன். நான் சொன்னா நீ பாரு." அவர் ஓய்வு பெறும்வரை அப்படியே நடந்தது. எந்த உத்தரவிலும் இல்லாத ஏற்பாடு அது. வழி சொன்னவன் கையெழுத்துப் போடக்கூடாது. தொலைபேசியில் கேட்ட அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லக்கூடிய விடையில் பாதி இதுதான்.

மீதிப் பாதி எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. விடுதலை ஆனாலும் ஏகாம்பரத்திடம் யாரும் வண்டி விடவில்லை. ஸ்டேஷனில் பட்ட அடியில் ஒரு மணிக்கட்டும் சரியாகக் கூடவில்லை. கொட்டகையை விற்றுவிட்டு ஒரு சாயப் பட்டறையில் தண்ணீர் காய்ச்சும் வேலைக்குப் போய்விட்டார். அவரைப் போய்ப் பார்க்க எனக்கு மூன்று வருடம் துணிவு வரவில்லை. போனபோது கொப்பரைக்குக் கீழே விறகு தள்ளிக்கொண்டிருந்தார். கை முழங்கை வரை நீலம் பிடித்திருந்தது. எழுந்து, வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க சார்," என்றார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசினோம். மழை, அவர் மகள் கல்யாணம். பிறகு கேட்டேன்.

"ஏகாம்பரம், ஒண்ணு கேக்கணும். அந்த ஹோஸ் வீங்கியிருந்தது கண்ணுல படவே இல்லையா உனக்கு?"

அவர் விறகை உள்ளே தள்ளினார்.

"வண்டிய உங்ககிட்ட கொண்டாந்தப்பவே எனக்கு ஓஸ் மேலதான் சார் சந்தேகம். பெடல உட்டப்புறம் அந்தச் சக்கரம் உடனே சுத்தல, கொஞ்ச நேரம் புடிச்சிக்கினே இருந்துச்சு. எண்ணெய் திரும்பல, உள்ள அடைச்சிருக்குதுன்னு தோணுச்சு. கழட்டிப் பாக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க சீலுன்னு சொன்னீங்க. நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியாதான்னு உட்டுட்டேன்."

அந்தச் சந்தேகம் சரியானது. அது நான் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தது அல்ல. அவரே கண்டுபிடித்தது.

"என்கிட்ட ஏன்பா சொல்லல?"

ஏகாம்பரம் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அதில் கோபம் இல்லை.

"நீங்க கேக்கல சார்," என்றார்.